256 பிட் என்னும் ஆறுதல்

மந்தைவெளியிலும் அதை ஒட்டிய மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் தெருக்களிலும் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களின் மாடிப்படி ஓரத்தில் ஆடிட்டர் அலுவலகத்தின் பெயர்ப்பலகை தொங்குவது சகஜம். உள்ளே இரண்டு மூன்று அறை, நாலைந்து கணினி, ஆர்ட்டிகிள்ஷிப் செய்யும் பிள்ளைகள் சிலர். அப்படியோர் அலுவலகத்துக்கு 300 கிளையண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் வருமான வரித் தளம், ஜி.எஸ்.டி. தளம், டி.டி.எஸ். பார்க்கும் ட்ரேசஸ், கம்பெனியாக இருந்தால் எம்.சி.ஏ., ஆட்கள் வேலை செய்தால் பி.எஃப். ஆயிரம் பாஸ்வேர்டுகளாவது தேறும். ஜூலைக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் கழுத்தை நெரிக்கும்போது ஒவ்வொருவரையும் போனில் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஆகவே எல்லாம் ஓர் எக்ஸெல் கோப்பில் ஏறிவிடுகின்றன. அந்தக் கோப்பு மின்னஞ்சலில் போகிறது, பென் டிரைவில் போகிறது, வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியிலும் தங்கிவிடுகிறது. இதற்குப் பதிலாகப் பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்கும் ஒரு செயலியை எழுதித் தரச் சொன்னால், எழுதுபவரும் எழுதச் சொன்னவரும் முதலில் பேசுவது பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான்: எந்த சைஃபர், அதாவது எந்த மறையாக்க முறை? ஏ.இ.எஸ்.ஸா, சாச்சா20-ஆ, டூஃபிஷ்ஷா? 128 பிட் போதுமா, 256 வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. ஆனால் பாஸ்வேர்டுகள் திருடுபோன வரலாற்றைப் புரட்டினால், திருட்டு நடந்த இடம் அநேகமாக இந்தக் கேள்வி தொடாத இடமாகவே இருக்கிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பாஸ்வேர்டைச் சேமிப்பதில் இரு வகை உண்டு. ஒரு வங்கியின் தளம் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு சரியா என்று சோதித்தால் போதும். அதைத் திரும்பப் படிக்க வேண்டியதே இல்லை. அங்கே வேண்டியது ஹாஷ் என்னும் ஒருவழிக் கணக்கு, போனது திரும்பாது. ஆடிட்டர் அலுவலகத்தின் தேவை இதற்கு நேர் எதிர். நாளைக் காலை அந்தப் பாஸ்வேர்டை அப்படியே எடுத்து ஜி.எஸ்.டி. தளத்தில் இட்டாக வேண்டும். எனவே திருப்பி எடுக்கக்கூடிய மறையாக்கம்தான் வழி. இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அடோபி நிறுவனம் சாட்சி. 2013 அக்டோபரில் அதன் கணினிகளிலிருந்து 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் திருடப்பட்டு இணையத்தில் கொட்டப்பட்டன. ஹாஷ் செய்திருக்க வேண்டிய பாஸ்வேர்டுகளை அது ட்ரிபிள் டெஸ் என்ற சைஃபரால் மறையாக்கி வைத்திருந்தது. அதன் சாவி வெளியே வந்ததாக எந்தச் செய்தியும் இல்லை. சைஃபரையும் யாரும் உடைக்கவில்லை. இருந்தும் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகள் தெரிந்துபோயின. காரணம், ஒவ்வொரு எட்டு எழுத்துத் துண்டையும் தனித்தனியாக, ஒரே சாவியால், எந்தக் கலப்பும் இல்லாமல் மறையாக்கும் ஈ.சி.பி. என்ற முறை. ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே மறைவடிவம் கிடைத்தது. அதன் பக்கத்திலேயே, மறந்தால் நினைவூட்ட அவரவர் எழுதிய குறிப்பு வெறும் எழுத்தில் கிடந்தது. ஒரே மறைவடிவம் கொண்ட ஆயிரம் பேரில் ஒருவர் ‘ஒன்று முதல் ஆறு வரை’ என்று குறிப்பு எழுதியிருந்தால் மற்ற 999 பேரின் பாஸ்வேர்டும் அதோடு போயிற்று. அந்த ‘123456’ மட்டும் ஏறத்தாழ 19 லட்சம் பேருடையது.

இன்று யாரும் தயங்காமல் கைகாட்டும் ஏ.இ.எஸ். எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடலாம். நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்று புரியும். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 1997-இல் உலகெங்கும் உள்ளவர்களைப் போட்டிக்கு அழைத்தது. பழைய டெஸ் சைஃபரின் 56 பிட் சாவி மூப்படைந்துவிட்டது. 1998-இல் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் இரண்டரை லட்சம் டாலருக்குள் ஓர் எந்திரம் கட்டி, அதை 56 மணி நேரத்தில் உடைத்துக் காட்டியது. போட்டிக்கு ஏற்கப்பட்டவை 15, இறுதிச் சுற்றில் ஐந்து: மார்ஸ், ஆர்.சி.6, ரைன்டால், சர்ப்பென்ட், டூஃபிஷ். ஒருவர் சைஃபரை மற்றவர் வெளிப்படையாகத் தாக்கிப் பார்ப்பதே விதி. பெல்ஜியத்தின் யோவான் டேமனும் வின்சென்ட் ரைமனும் வடித்த ரைன்டால் 2000 அக்டோபரில் தேர்வாகி, 2001 நவம்பர் 26 அன்று அதிகாரபூர்வத் தரமானது. அதற்கு மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 16 முதல் 20 வரை, இந்தியாவின் மறையாக்க மாநாடான இண்டோகிரிப்ட் சென்னையில் நடந்தது. ஆய்வுக் கோவையைத் தொகுத்த இருவரில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் சி. பாண்டு ரங்கன். பத்தாண்டு கழித்து, 2011 டிசம்பரில் அதே மாநாடு மீண்டும் சென்னைக்கு வந்தபோது தொகுப்பாளர்களில் ஒருவர் டேனியல் பெர்ன்ஸ்டைன். ஏ.இ.எஸ்.ஸுக்கு இன்றைக்கு மாற்றாகச் சொல்லப்படும் சாச்சா20-ஐ 2008-இல் உருவாக்கியவர் அவர்தான். மந்தைவெளி நிலையத்தில் பறக்கும் ரயிலேறித் தரமணியில் இறங்கினால், மறையாக்கத்திலும் ஆய்வு செய்யும் செட்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. இந்தத் துறை நமக்கு வெகுதூரத்து விவகாரம் அல்ல.

இருபதாண்டுக்கும் மேலாக உலகின் கூர்மையான மூளைகள் ஏ.இ.எஸ்.ஸை முட்டிப் பார்த்ததில் கிடைத்த பலன் என்ன? 2011-இல் வெளியான ‘பைக்ளிக்’ தாக்குதல், 128 பிட் சாவியைக் கண்டுபிடிக்கும் வேலையை 2-இன் 128-ஆம் அடுக்கிலிருந்து 2-இன் 126.1-ஆம் அடுக்குக்குக் குறைத்தது. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. நொடிக்கு ஒரு லட்சம் கோடி சாவிகளைச் சோதிக்கும் எந்திரம் இருந்தாலும் எல்லாச் சாவிகளையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப்போல 78 கோடி மடங்கு காலம் ஆகும். அதை நாலால் வகுத்தால் மந்தைவெளி ஆடிட்டருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. சாச்சா20-க்கும் இதே கதி. இறுதிச் சுற்றில் தோற்ற சர்ப்பென்ட், டூஃபிஷ் இரண்டையும்கூட இன்றுவரை யாரும் உடைக்கவில்லை. ஆகவே இந்த நான்கில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை.

‘அப்படியானால் சைஃபர் எதுவாக இருந்தாலும் சரியா?’ என்று கேட்டால், இல்லை. மோசமான சைஃபர் மோசமானதுதான்; அதற்கான சான்று அந்த எக்ஸெல் கோப்பிலேயே இருக்கிறது. 97 முதல் 2003 வரையிலான எக்ஸெல் பதிப்புகளில் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால், இயல்பாகக் கிடைத்தது 40 பிட் சாவியுடன் கூடிய ஆர்.சி.4 என்ற சைஃபர். நாற்பது பிட் என்றால் சுமார் 1.1 லட்சம் கோடி சாவிகள். நொடிக்கு 10 கோடி வீதம் சோதித்தால் மூன்று மணி நேர வேலை. பாஸ்வேர்டு எத்தனை நீளம் என்பதே பொருட்டில்லை. 2005-இல் சிங்கப்பூரில் பணியாற்றிய ஹோங்ஜுன் வூ இன்னொன்றைக் காட்டினார்: பூட்டிய கோப்பைத் திருத்தி மறுபடி சேமித்தால் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் எக்ஸெல் ஒரே சாவியோட்டத்தால்தான் மறையாக்குகிறது. இரு பதிப்புகளும் கையில் கிடைத்தவர் ஒன்றோடொன்றைக் கூட்டினால் மறைவு கரைந்துபோகும், சாவி நீளமாக இருந்தாலும்கூட. 2007 முதல் வந்த எக்ஸெல் ஏ.இ.எஸ்.ஸுக்கு மாறிவிட்டது. (‘ஷீட் ப்ரொடெக்ட்’ என்பதைப் பலர் பூட்டு என்றே நினைக்கிறார்கள். அது மறையாக்கமே இல்லை. உள்ளே இருப்பது வெறும் எழுத்தாகவே கிடக்கிறது.) சைஃபரின் பெயரை மட்டும் பட்டியலிடுவதன் ஆபத்து நம் அரசாங்கத்துக்கும் நேர்ந்தது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட தேசிய மறையாக்கக் கொள்கை வரைவு, பயன்படுத்தலாம் என்று சொன்னவற்றில் ஏ.இ.எஸ்., ட்ரிபிள் டெஸ்ஸுடன் ஆர்.சி.4-ஐயும் வைத்திருந்தது. இணையத்துக்கான பாதுகாப்பு இணைப்புகளில் ஆர்.சி.4 கூடாது என்று உலக இணையத் தர அமைப்பு தடை போட்டு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. அனுப்பிய செய்திகளின் வெற்றுப் பிரதியை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற விதிக்காகக் கடும் கண்டனம் எழுந்து, சில நாளில் வரைவு திரும்பப் பெறப்பட்டது. ஆர்.சி.4-ஐப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஆக, சைஃபர் தேர்வின் பயன் கெட்டதைக் கழிப்பதோடு முடிகிறது. கழித்தபின் மிஞ்சும் நல்லவற்றுள் எது உயர்ந்தது என்று விவாதிப்பது வீண்வேலை.

விவாதிக்க வேண்டியது சாவி எங்கிருந்து வருகிறது என்பதை. 256 பிட் சாவியை எந்த மனிதரும் மனத்தில் வைத்திருக்க முடியாது. செயலி கேட்பது ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. அதைக் கணக்கில் போட்டு அரைத்துத்தான் 256 பிட்டை உண்டாக்குகிறது. அரைத்து வருவது எவ்வளவு நீளமானாலும், அதன் உண்மையான பலம் உள்ளே போட்டதன் பலமே. கபாலி என்று ஆங்கில எழுத்தில், முதல் எழுத்தைப் பெரிதாக்கி, பின்னால் ஒரு ‘@’ குறி, அதன்பின் பிறந்த ஆண்டு: நம்மூரில் இப்படி ஒரு பாஸ்வேர்டைச் சந்திக்காத அலுவலகம் குறைவு. தாக்குபவரின் கண்ணால் இதைப் பாருங்கள். வழக்கில் உள்ள பெயர்கள் 10,000 என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். குறிகள் 10, ஆண்டுகள் 80, முதல் எழுத்து பெரிதா சிறிதா என்பதற்கு 2. பெருக்கினால் 1 கோடியே 60 லட்சம். பிட் கணக்கில் 24-ஐக்கூடத் தொடவில்லை. தாக்குபவர் ஏ.இ.எஸ்.ஸின் வாசலுக்கே வர மாட்டார். ஒன்றரைக் கோடிச் சொச்சம் பாஸ்வேர்டுகளைத் தட்டிப் பார்ப்பார். அலுவலகம் 256 பிட் என்று நிம்மதியாக இருக்கும்.

இந்த இடைவெளியை அடைக்கவே சாவி வடிக்கும் முறைகள் வந்தன. பாஸ்வேர்டை ஒருமுறை அரைப்பதற்குப் பதில் லட்சக்கணக்கான முறை அரைத்தால், உரியவருக்கு அரை நொடித் தாமதம். தட்டிப் பார்ப்பவருக்கோ ஒவ்வொரு முயற்சிக்கும் அந்தச் செலவு. 2000-இல் தரமாக வெளியான பி.பி.கே.டி.எஃப்.2 இதைத்தான் செய்கிறது. அன்று குறைந்தபட்சம் ஆயிரம் சுற்று என்றார்கள். 2023 முதல், மென்பொருள் பாதுகாப்புக்கான ஒவாஸ்ப் அமைப்பு 6 லட்சம் என்கிறது. விளையாட்டுக்கென்று விற்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை 6 லட்சம் சுற்றில் நொடிக்குப் பத்தாயிரம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும் என்று கொண்டால், மேலே சொன்ன கபாலி ரகம் 27 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சுற்று 5,000 மட்டுமே என்றால் 13 நொடி. எட்டுச் சிறிய எழுத்துகளைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் 20,880 கோடி வழிகள். ஓர் அட்டைக்கு எட்டு மாதம், நூறு அட்டைக்கு இரண்டரை நாள். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சாத்தியங்கள் உண்டு. அந்தக் கணக்கில் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பகடை உருட்டி நான்கு சொல் எடுத்துக் கோத்தால், ஓர் அட்டைக்கு 11,600 ஆண்டுகள். ஐந்தாவது சொல்லைச் சேர்த்தால் அதையும் 7,776-ஆல் பெருக்க வேண்டும். பட்டியல் தமிழ்ச் சொற்களாக, ஆங்கில எழுத்தில் தட்டுவதாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. தமிழ் என்பதால் எவனுக்கும் தெரியாது என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. காப்பது பகடையின் குருட்டுத்தனம்தான், மொழி அல்ல.

இந்தக் கணக்கு காகிதத்தோடு நிற்கவில்லை என்பதைப் பாஸ்வேர்டுப் பெட்டகச் சேவையான லாஸ்ட்பாஸின் விவகாரம் காட்டியது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டகங்களுடைய நகல்கள் திருடுபோனதை ஒப்புக்கொண்டது. பாஸ்வேர்டுகள் ஏ.இ.எஸ். 256 பிட்டால் மறையாக்கப்பட்டவை என்று அறிவிப்பு ஆறுதல் சொன்னது, அது உண்மையும்கூட. ஆனால் எந்தெந்தத் தளத்துக்கான பாஸ்வேர்டு என்ற முகவரிகள் மறையாக்கப்படவே இல்லை. யாருடைய பெட்டகம் பணம் காய்க்கும் மரம் என்று திருடர் பார்த்துப் பொறுக்கலாம். புதியவர்களுக்கு 1,00,100 சுற்று என்று வைத்திருந்த நிறுவனம், பழைய கணக்குகள் பலவற்றை 5,000 சுற்றிலேயே விட்டுவைத்திருந்தது. ஒரே ஒரு சுற்றில் நின்ற கணக்குகளும் இருந்தன. அடுத்த ஆண்டிலிருந்து நடந்த பெரிய கிரிப்டோ நாணயத் திருட்டுகள் சிலவற்றைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தப் பெட்டகங்களோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். பெட்டகம் ஒருமுறை கையைவிட்டுப் போனபின் சுற்றைக் கூட்டுவதால் பயனில்லை. திருடர் கையில் இருப்பது பழைய சுற்றில் பூட்டிய நகல்.

சுற்றைக் கூட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டு. கிராஃபிக்ஸ் அட்டைக்குள் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, பி.பி.கே.டி.எஃப்.2-க்கு நினைவகம் அநேகமாகத் தேவையே இல்லை என்பதால் அத்தனையும் தடையின்றி வேலை செய்யும். 2015-இல் பாஸ்வேர்டு ஹாஷ் போட்டியில் வென்ற ஆர்கான்2 இதை மடக்கியது. ஒவ்வொரு முயற்சிக்கும் 64 மெகாபைட் நினைவகத்தை நிரப்பி, முன்னும் பின்னும் தாவிப் படித்தே ஆகவேண்டும் என்று அது கட்டாயப்படுத்த முடியும். கல்யாண மண்டபத்துக்கு ஆயிரம் சமையல்காரர்களைக் கூட்டிவரலாம். ஆளுக்கொரு கோட்டையடுப்பு வேண்டுமென்றால் கொல்லையில் இடம் ஏது? கீபாஸ் என்ற பாஸ்வேர்டுச் செயலியின் 2017-இல் வந்த கோப்பு வடிவத்தில் ஆர்கான்2 இடம்பெற்றது. 2021-இல் இணைய ஆய்வுக் குழுவின் குறிப்பாவணமாகவும் வெளியானது. புதிதாகச் செயலி எழுதுபவர் சைஃபரைப் பற்றி யோசிக்கும் நேரத்தை ஆர்கான்2-வின் நினைவக அளவைப் பற்றி யோசிக்கச் செலவிட்டால் அதற்குப் பலன் உண்டு: அலுவலகத்தின் ஆகப் பழைய கணினி தாங்கும் அளவு எதுவோ அதுவே உச்சம். அந்த எண்ணைக் கோப்பிலேயே எழுதிவைத்து, ஆண்டுக்கொருமுறை கூட்டும் வழியையும் முதல் நாளே கட்டிவைக்க வேண்டும். லாஸ்ட்பாஸ் சறுக்கியது அங்கேதான்.

அடுத்தது, சைஃபரைப் பிடிக்கும் விதம். படிக்க முடியாதபடி மறைப்பது ஒன்று. மாற்றினால் தெரிந்துவிடும்படி முத்திரையிடுவது வேறு. பழைய செயலிகள் முதலாவதோடு நிறுத்திக்கொண்டன. பெட்டகம் மேகக் கணினியில் இருக்கிறது, அதைத் திருத்தும் வசதி தாக்குபவருக்குக் கிடைத்துவிட்டது என்று கொள்வோம். அவரால் ஒரு பாஸ்வேர்டையும் படிக்க முடியாது. ஆனால் வங்கிக்குரிய மறைவடிவத்தை வெட்டி, தன் சொந்தத் தளத்துக்குரிய பதிவில் ஒட்டிவிட்டால்? செயலி அதை ஒழுங்காகத் திறந்து, வங்கிப் பாஸ்வேர்டை அவருடைய தளத்தில் தானாகவே நிரப்பிக் கொடுக்கும். இதைத் தடுக்க, ஒவ்வொரு பதிவும் எந்தத் தளத்தைச் சேர்ந்தது என்பதையும் சேர்த்து முத்திரையிட வேண்டும். ஜி.சி.எம். முறையில் ஓடும் ஏ.இ.எஸ்.ஸும், முத்திரையிடும் பாலி1305-உடன் சேர்ந்த சாச்சா20-உம் இதற்கு வழி வைத்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒரு நிபந்தனை: ஒவ்வொரு முறை மறையாக்கும்போதும் நான்ஸ் என்ற எண் புதிதாக இருக்க வேண்டும். ஜி.சி.எம்.மில் ஒரே சாவியோடு அது இரண்டு முறை வந்துவிட்டால் மறைவு போவதோடு முத்திரைக்கான சாவியும் கசிந்துவிடும் என்பதை 2006-இலேயே ஆன்ட்வான் ஜூ காட்டினார். அலுவலகத்தில் இதற்கு வாய்ப்பு எப்படி வரும்? நான்ஸை 1, 2, 3 என்று எண்ணிக்கொண்டு போகும் செயலி. கணினி பழுதாகி, போன வார பேக்கப்பை மீட்கிறார்கள். எண்ணிக்கையும் போன வாரத்துக்குத் திரும்பிவிடுகிறது. 2005-இல் ஹோங்ஜுன் வூ சொன்ன அதே நோய் புதிய உடையில். இதனால்தான், கட்டாயமாக ஒன்றைச் சொல் என்றால், சிறிய குழு எழுதும் செயலிக்கு 192 பிட் நான்ஸ் கொண்ட எக்ஸ்சாச்சா20-ஐச் சொல்வேன். அவ்வளவு பெரிய எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் ஒன்று இன்னொன்றோடு மோதாது. வேகம் இங்கே பேச்சே இல்லை. ஆயிரம் பதிவுகள், பதிவுக்கு 500 எழுத்து என்றால் அரை மெகாபைட். நொடிக்குப் பத்து மெகாபைட் மட்டுமே ஓடும் சோம்பேறிக் கணினிக்கும் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு.

கணிதமெல்லாம் சரியாக இருந்தும் கவிழ்ந்த கதை சென்னைப் பக்கத்திலேயே உண்டு. கூடுவாஞ்சேரி அருகே தலைமையகம் கொண்ட ஜோஹோவின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு, பெரிய நிறுவனங்களுக்காகப் பாஸ்வேர்டு மேனேஜர் ப்ரோ என்ற மென்பொருளை விற்கிறது. 256 பிட் ஏ.இ.எஸ். அதில் உண்டு. 2022-இல் அதில் ஒரு பிழை வெளிப்பட்டது: வெளியிலிருந்து வரும் தரவைச் சோதிக்காமல் ஜாவா பொருளாக விரித்துவிடும் குறை. அதைப் பயன்படுத்தி, உள்நுழையாமலேயே அந்தக் கணினியில் தன் கட்டளையை ஓட்ட முடியும். தீவிரம் பத்துக்கு 9.8. நிறுவனம் திருத்தத்தை வெளியிட்டது. ஆனாலும் செப்டம்பரில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படும் பிழைகளின் பட்டியலில் இதைச் சேர்த்தது. சாவியைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும் கணினியில் எதிரி கட்டளை ஓட்டும்போது சைஃபருக்கு அங்கே வேலையே இல்லை. அடுத்த ஆண்டு கீபாஸின் முறை: மாஸ்டர் பாஸ்வேர்டைத் தட்டும் பெட்டி ஒவ்வோர் எழுத்துக்கும் நினைவகத்தில் ஒரு தடயம் விட்டுச் சென்றது. நினைவகப் படிவம் கையில் கிடைத்தால் முதல் எழுத்து நீங்கலாக மற்றதை அநேகமாகச் சேர்த்துவிடலாம் என்று 2023 மே மாதம் ஓர் ஆய்வாளர் காட்டினார்; ஜூனில் வந்த 2.54 பதிப்பு அதைச் சரிசெய்தது. அந்த மென்பொருளில் ஏ.இ.எஸ்., சாச்சா20, ஆர்கான்2 மூன்றும் இருந்தன.

எதிர்வாதங்களும் கனமானவை. குவாண்டம் கணினி வந்தால்? சமச்சீர் சைஃபருக்கு எதிராக அதன் கையிலிருப்பது குரோவரின் முறை. அது பிட் எண்ணிக்கையைப் பாதியாக்கும், அவ்வளவே. 256 பாதியானால் 128. இதற்காகவேனும் 256 பிட்டை எடுத்துக்கொள்ளலாம்; ஏ.இ.எஸ்.ஸில் 10 சுற்றுக்குப் பதில் 14 என்பது ஒரு செலவே அல்ல. அமெரிக்க அரசு கொடுத்த சைஃபரில் அவர்களுக்கென்று ஒரு பின்வாசல் இருக்காதா? இந்தச் சந்தேகத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. அதே நிஸ்ட் 2006-இல் தரமாக்கிய டூயல் ஈ.சி. என்ற குருட்டெண் உண்டாக்கியில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் கை இருந்ததாக 2013-இல் எட்வர்ட் ஸ்னோடன் கசியவிட்ட ஆவணங்கள் காட்ட, 2014-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அது போட்டியில் வந்ததல்ல. அதன் மாறிலிகள் எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் சொல்லவில்லை. ரைன்டாலின் ஒவ்வோர் எண்ணுக்கும் அதை வடித்தவர்கள் காரணம் எழுதியிருக்கிறார்கள். அப்போதும் மனம் ஒப்பாதவர் பெர்ன்ஸ்டைனின் சாச்சா20-ஐ எடுத்துக்கொள்ளட்டும், இழப்பில்லை. கவனிக்க வேண்டியது, அங்கேயும் ஓட்டை போட்டது சைஃபரில் அல்ல, சாவிக்கு எண் தரும் எந்திரத்தில். ஏ.இ.எஸ்.ஸின் மேல் டூஃபிஷ், அதன் மேல் சர்ப்பென்ட் என்று மூன்றடுக்காகப் போடலாமே என்பார்கள் சிலர். கபாலி ரகப் பாஸ்வேர்டுக்கு மூன்றடுக்கும் சேர்ந்தே 27 நிமிடத்தில் திறக்கும். நிரலில் தவறு நேரும் இடங்கள்தான் பெருகும். யாருக்கும் தெரியாத சொந்த சைஃபர் ஒன்றை எழுதிக்கொள்வது பற்றி 1883-இல் மறையாக்க அறிஞர் கெர்க்கோஃப்ஸ் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை: முறை எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி தெரியாதவரை காக்க வேண்டும்.

எஞ்சியுள்ள ஓர் ஆட்சேபத்துக்கு முழு விடை இல்லை. பகடையால் எடுத்த ஐந்து சொல், ஆர்கான்2, முத்திரையிட்ட சைஃபர் என்று எல்லாம் சரியாக அமைந்த பெட்டகத்தின் மாஸ்டர் பாஸ்வேர்டை மூத்த ஆடிட்டர் மறந்துவிட்டால், அல்லது அவரே இல்லாமல் போய்விட்டால்? எழுதியவராலும் திறக்க முடியாது; திறக்க முடிந்தால் அது சரியாக எழுதப்படவில்லை என்று பொருள். எக்ஸெல் கோப்பை விட்டு வர அலுவலகங்கள் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம், நியாயமான காரணம். தாளில் எழுதி உறையிலிட்டு வங்கி லாக்கரில் வைப்பது பழைய வழிதான், ஆனாலும் இணையத்தில் உலவும் எந்தத் திருடருக்கும் லாக்கர் எட்டாது. அதைவிட நுட்பமானது 1979-இல் ஆடி ஷமீர் தந்த முறை: இரகசியத்தை மூன்று துண்டாக்கி, எந்த இரண்டு சேர்ந்தாலும் முழுதாகும்படியும், ஒன்று மட்டும் இருந்தால் எள்ளளவும் தெரியாதபடியும் செய்யலாம். கூட்டாளிகள் இருவரிடம் ஒவ்வொன்று, லாக்கரில் ஒன்று. ஒரு கூட்டாளி விலகிப்போனால் புதிதாகத் துண்டு போடுவதோடு நிற்கக் கூடாது. மாஸ்டர் பாஸ்வேர்டையும் மாற்றி, புதிய சாவியால் பெட்டகத்தை மறுபடி பூட்ட வேண்டும். அதற்கு முன் எடுத்த பேக்கப்புகள் பழைய சாவிக்குத் திறந்துகொண்டேயிருக்கும். ஆகவே அவற்றை அழிக்க வேண்டும், இல்லையேல் அவற்றுக்குள் இருக்கும் ஆயிரம் பாஸ்வேர்டுகளையும் ஒவ்வொரு கிளையண்டாகத் தளத்துக்குப் போய் மாற்ற வேண்டும்.